இருபத்திரண்டாம் எண் வீட்டில் ஆள் இல்லை

கட்டைபுடுங்கி வருகிறாள் என்று தெரிந்தால் போதும், அந்தச் சந்தில் ஆளாளுக்கு ஓர் அவசர வேலை முளைத்துவிடும். வாசலில் நின்று வம்பளந்துகொண்டிருந்தவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். டீக்கடைக்காரர் ஏற்கெனவே தேய்த்த பாத்திரத்தை மறுபடி தேய்க்க ஆரம்பிப்பார். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வருவதுதான் அவள் உத்தியோகம். பில் கட்டாத வீட்டுக்கு இணைப்பைத் துண்டிப்பதும் அவள் பொறுப்புதான். மீட்டருக்குக் கீழே இருக்கும் பீங்கான் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவாள். அவள் ஆபீசில் மற்றவர்களும் பிடுங்குகிறவர்கள்தான். ஆனால் அவர்களிடம் கெஞ்சினால் இரண்டு நாள் கிடைக்கும், ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் நாலு நாள். இவளிடம் அந்தப் பருப்பு வேகாது.

இருபத்தாறு வருஷத்தில் யார் வீட்டிலும் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். கை சுத்தம். ஆனால் கை சுத்தமாக இருக்கிறவர்கள் சிலருக்கு ஒரு வியாதி உண்டு. தன்னைத் தவிர மீதிப் பேரெல்லாம் திருடர்கள் என்று நினைப்பார்கள். இவளுக்கு அது முற்றிப்போயிருந்தது.

சந்தின் கோடியில் ஒரு முப்பது வீட்டுக் கட்டடம். ஐந்து தளம், தளத்துக்கு ஆறு வீடு. ஒரு வீட்டில் தும்மினால் பக்கத்து வீட்டில் விழித்துக்கொள்கிற மாதிரி நெருக்கம். முப்பது மீட்டரும் மாடிப்படிக்குக் கீழே ஒரே பலகையில் வரிசையாக இருக்கும். பக்கத்தில் பஞ்சரான ஸ்கூட்டர், யாரோ கழித்துப்போட்ட கட்டில் சட்டம், எப்போதும் நசநசவென்று ஈரம். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, பன்னிரண்டு நிமிஷத்தில் முப்பதையும் குறித்துக்கொண்டு போய்விடுவாள். பதினைந்து வருஷமாக அந்தக் கட்டடத்துக்கு வந்துபோகிறாள், முதல் படியில்கூடக் கால் வைத்ததில்லை. வைக்க வேண்டிய வேலையும் இல்லை. யார் புதிதாக ஃபிரிட்ஜ் வாங்கினார்கள், யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள், யார் ஊருக்குப் போய்விட்டார்கள், எல்லாம் அந்தப் பலகையிலேயே தெரிந்துவிடும் என்பாள்.

"மனுஷன் பொய் சொல்லுவான். மீட்டர் சொல்லாது." ஆபீசில் புதிதாக வருகிறவர்களிடம் அவள் சொல்கிற முதல் வார்த்தை இது. இரண்டாவதாக ஒன்று சொல்வாள். "கட்டையைப் புடுங்கினா மூணாம் நாள் ஓடி வருவாங்க. வரலைன்னா வீட்டுல ஆள் இல்லன்னு அர்த்தம். இந்தக் காலத்துல கரண்ட் இல்லாம மூணு நாள் எவன் இருப்பான்?" அந்த இரண்டாவது வார்த்தைதான் அவளைப் படுகுழியில் தள்ளியது.

வேலையிலிருந்து ஓய்வு பெற அவளுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அவள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் இன்னும் பஸ்ஸை விட்டு இறங்கமாட்டார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் ஒன்பது வாடகை வீடு. ஒன்பதாவது வீட்டுச் சொந்தக்காரன் ஒருநாள் வந்து, கட்டடத்தை இடிக்கப்போகிறேன், மூன்று மாதத்தில் காலி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டான்.

"அடுத்த ஸ்டாப் எங்கம்மா?" என்றார் கண்டக்டர்.

"இனிமே ஸ்டாப்பே கிடையாது. சொந்த வீடுதான்" என்றாள் அவள். "அடுத்தவன் ஆணி அடிக்காதேங்கிறான், தண்ணியை மெதுவாத் திறங்கிறான். சாகும்போதாவது என் சுவத்தைப் பாத்துக்கிட்டு சாகணும்."

அது வெறும் வீறாப்பு இல்லை. அந்த ஆசை அவளை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. ஊரான் வீட்டு மீட்டரையெல்லாம் கால் நூற்றாண்டாகப் படித்தவளுக்குத் தன் பெயர் எழுதிய மீட்டர் ஒன்று கிடையாது. ஆபீசில் அதைச் சொல்லி யாராவது சிரித்துவிட்டால் அன்று முழுக்க ஒருவருடனும் பேசமாட்டாள்.

அப்போதுதான் கண்ணாடிக்கடைக்காரர் வந்து சேர்ந்தார். ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கிற கண்ணாடி எல்லாம் வெட்டி விற்கிறவர். முப்பது வீட்டுக் கட்டடத்தில், மூன்றாம் மாடியில், இருபத்திரண்டாம் எண் அவர் பெயரில் இருந்தது. விற்கிறேன் என்றார். சொன்ன விலையைக் கேட்டு அவளுக்கே ஆச்சரியம். அந்த வட்டாரத்தில் அந்த விலைக்கு ஒரு கழிப்பறைகூடக் கிடைக்காது.

"ஏன் இவ்வளவு குறைச்சலா?" என்று கேட்டாள். ஏமாளி இல்லை, கேட்கத்தான் செய்தாள்.

"என் தம்பி குடும்பம் இருந்துச்சு. தம்பி போயிட்டான். அவங்க வேற ஊருக்குப் போயிட்டாங்க. வீடு சும்மா கெடக்கு. உங்களுக்குத் தெரியாததா? நீங்கதானே கட்டையைப் புடுங்குனீங்க, மூணு வருஷம் முன்னாடி. யாராவது திருப்பி மாட்டச் சொல்லி வந்தாங்களா?"

அவள் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். உண்மைதான். இருபத்திரண்டாம் எண், பாக்கிக்காகத் துண்டிக்கப்பட்டது, மூன்று வருஷமாக முள் ஓர் இம்மி நகரவில்லை. இணைப்பு கேட்டு விண்ணப்பமும் இல்லை. அவள் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது பாருங்கள்! தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொள்கிற பிரகாசம். கண்ணாடி வெட்டுகிற மனுஷன், அவள் எந்த இடத்தில் கீறினால் உடைவாள் என்று தெரிந்துகொண்டுதான் வந்திருந்தார்.

வீட்டைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். வேலை நாள், காலை பதினொரு மணி. ஹால், ஒரு படுக்கை அறை, சமையலறை, குளியலறை. கட்டில், பீரோ, பாத்திரம், துணி மூட்டை எல்லாம் அப்படியே இருந்தது. "தம்பி சாமான். பதிவு முடிஞ்ச வாரமே எடுத்துடறேன்" என்றார். அவள் நேராக ஸ்விட்சைத் தட்டிப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. திருப்தியாகத் தலையாட்டினாள்.

கண்டக்டர் மெதுவாகக் குளியலறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "இந்தாம்மா, சோப்பு ஈரமா இருக்கே."

"குழாய் ஒழுகியிருக்கும்."

"ஒருநாள் சாயங்காலம் வந்து பாப்போமா? பக்கத்துல யாரையாவது ஒரு வார்த்தை கேட்டா..."

"யாரைக் கேக்கச் சொல்றீங்க? இந்தக் கட்டடத்துல பாதிப் பேர் என் லிஸ்டுல இருக்கறவங்க. உண்மையைச் சொல்லுவாங்களாக்கும்! மூணு வருஷமா மீட்டர் நின்னு கெடக்கு. சோப்பைப் பாத்து வீடு வாங்கறதா, மீட்டரைப் பாத்து வீடு வாங்கறதா?"

இறங்கி வரும்போது ஒவ்வொரு தளத்திலும் கதவுகள் ஒரு விரற்கடை திறந்திருந்தன. இரண்டாம் மாடியில், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்று, "வாங்கறீங்களா? நல்லது, நல்லது" என்று பல் தெரியச் சிரித்தார். அவள் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டாள்.

சேமிப்பு, ஓய்வுக்கால நிதியில் கடன், வளையல், கண்டக்டர் பேரில் இருந்த கொஞ்ச நஞ்சம், எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துக் கொடுத்தாள். பதிவு முடிந்தது. பத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் வந்தாள். வழியெல்லாம் கண்டக்டர் பேசிய எதற்கும் அவள் காதுகொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், துடைப்பம், வாளி, புதுப் பூட்டு சகிதம் இரண்டு பேரும் மூன்றாம் மாடி ஏறினார்கள். சாவியைப் போடப் போனாள். பூட்டு இல்லை. கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினாள். தலையில் ஈரத்துண்டு சுற்றிய ஒரு பெண்மணி திறந்தாள். நாற்பது வயதிருக்கும். அவள் பின்னால், மேஜையில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடப் பெண்.

கட்டைபுடுங்கி அந்த இருவரையும் பார்க்கவில்லை. அவர்கள் தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்த பல்பைத்தான் பார்த்தாள். பகலிலும் இருட்டடிக்கிற ஹாலில் பளிச்சென்று ஒரு பல்பு. அதிலிருந்து ஒரு மஞ்சள் ஒயர் சுவரோரமாக ஓடி, மேலே காற்றுத் துளை வழியாகப் பக்கத்து வீட்டுக்குள் போயிற்று.

"யாரு நீங்க? என் வீட்டுல என்ன பண்றீங்க?"

"உங்க வீடா?" அந்தப் பெண்மணி குரலை உயர்த்தவில்லை. "நான் இந்த வீட்டு மருமக. பதினெட்டு வருஷமா இங்கதான் இருக்கேன். அந்தக் கண்ணாடிக்கடை ஆளு என் வீட்டுக்காரரோட அண்ணன். இதுல பாதி எங்களுக்குச் சேர வேண்டியது. கேஸு போட்டிருக்கேன்."

"பொய்! மூணு வருஷமா இங்க கரண்ட்டே இல்ல!"

"யாரு புடுங்கினா? நீங்கதான். அப்போ என் வீட்டுக்காரர் செத்து ஒரு மாசம்கூட ஆகல. பில்லு கட்டிக்கிட்டிருந்த அண்ணன்காரன் வேணும்னே கட்டாம விட்டான், நாங்க இருட்டுல கெடந்து ஓடிப்போகட்டும்னு. நீங்க புடுங்கறீங்கன்னு கேட்டு நான் மூணு மாடி இறங்கி ஓடி வந்தேன். பொண்ணுக்குப் பரீட்சை, ரெண்டு நாள் விடுங்கம்மா, நானே கட்டறேன்னு கேட்டேன். சொந்தக்காரர் கையெழுத்து போடணும், உங்க கையெழுத்து செல்லாதுன்னீங்க. என் மூஞ்சியைக்கூட நிமிந்து பாக்கல."

அவளுக்கு நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை. வருஷத்துக்கு இருநூறு கட்டை பிடுங்குகிறவளுக்கு எந்த முகம் நினைவிருக்கும்? முகத்தைப் பார்த்திருந்தால்தானே! ஓடி வரவில்லையென்றால் ஆள் இல்லை என்று கணக்குப் போட்டாளே, இந்தப் பெண்மணி மூன்றாம் நாள்வரைகூடக் காத்திருக்கவில்லை, அந்த நிமிஷமே ஓடி வந்திருக்கிறாள். வந்தவளுக்கு விண்ணப்பம் போட உரிமை இல்லை, அதனால் நோட்டில் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அதற்குள் மாடிப்படியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தளத்துக்கு நாலு பேர். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு ரேடியோ மெக்கானிக் வந்தான். மஞ்சள் ஒயர் அவன் வீட்டிலிருந்துதான் வந்தது. அதை மறைக்கக்கூட அவன் முயலவில்லை.

"உங்க எல்லாருக்கும் தெரியும்" என்றாள் அவள். "அன்னிக்கு நான் வந்து பாத்துட்டுப் போனப்பவே தெரியும். ஒருத்தர், ஒரே ஒருத்தர் வாயைத் திறக்கல. என் வாழ்நாள் காசுய்யா அது!"

"நீங்க கேக்கலையே" என்றான் மெக்கானிக். "பதினஞ்சு வருஷமா வர்றீங்க. ஒருநாளாவது படியேறி வந்து ஒரு கதவைத் தட்டியிருந்தா, யாராவது ஒருத்தர் சொல்லியிருப்போம்."

"மனுஷன் பொய் சொல்லுவான், மீட்டர் சொல்லாதுன்னு நீங்கதானேம்மா சொல்லுவீங்க?" கணக்கு வாத்தியார் கீழ்ப் படியிலிருந்து எடுத்துக்கொடுத்தார். "மீட்டர் என்ன பொய் சொல்லிச்சு இப்போ? கரண்ட் ஓடலன்னுச்சு. ஓடல. ஆள் இல்லன்னு அது சொல்லவே இல்லையே."

படியில் சிரிப்பு எழுந்தது. ஒரு வீட்டில் ஆரம்பித்து ஐந்து தளத்துக்கும் ஏறியது. கண்டக்டர் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் நின்றார். இன்னொருத்தியாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பாள். இவளோ தடதடவென்று கீழே இறங்கினாள். பலகையின் முன் நின்றாள். இருபத்துமூன்று, மெக்கானிக் வீட்டு எண். ஒரு வீட்டு இணைப்பிலிருந்து இன்னொரு வீட்டுக்கு லைன் கொடுப்பது விதிப்படி குற்றம். கட்டையைப் பிடுங்கினாள். மேலே மெக்கானிக் வீட்டு ரேடியோ ஒன்று பாதிச் செய்தியில் நின்றது.

அன்று ஆரம்பித்தது சண்டை. அடுத்த நாள் மஞ்சள் ஒயர் மேல் வீட்டிலிருந்து தொங்கிற்று. அவள் மேல் வீட்டுக் கட்டையைப் பிடுங்கினாள். அதற்கடுத்த நாள் எதிர் வீடு. பிறகு வாத்தியார் வீட்டிலிருந்தே ஒரு மாடி ஏறி வந்தது. நாளுக்கொரு வீடு என்று அவர்களுக்குள் முறை போட்டுக்கொண்டார்கள். குழாயடியில் ஒரு குடம் தண்ணீருக்காக ஒருவர் குடுமியை ஒருவர் பிடிக்கிற கூட்டம், இவளை எதிர்க்க வேண்டுமென்றதும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் மாதிரி சேர்ந்துகொண்டது. ஆறாம் நாள் முப்பது கையெழுத்தோடு அவள் ஆபீசுக்கு ஒரு மனு போயிற்று. எழுத்து வாத்தியாருடையது, ஒரு பிழை இல்லை.

மேலதிகாரி அவளைக் கூப்பிட்டார். "நீங்க புடுங்கினது ரூல்படி சரிதாம்மா. ஆனா உங்க சொந்தச் சண்டைக்கு நம்ம ரூலை எடுத்துக்கிட்டுப் போனீங்க பாருங்க, அது சரியில்ல. புடுங்கின கட்டையெல்லாம் திருப்பி மாட்டச் சொல்லிட்டேன். இனிமே அந்தச் சந்து உங்களுக்கு இல்ல. விசாரணை முடியறவரைக்கும் ஆபீஸ்லயே உக்காந்து ஃபைல் பாருங்க."

"திருடினவங்களை விட்டுட்டு என்னை விசாரிக்கறீங்களா?"

"என்ன திருட்டு? மெக்கானிக் மீட்டர்ல ஓடின யூனிட்டுக்கு மெக்கானிக் காசு கட்டியிருக்கான். நமக்கு ஒரு பைசா நஷ்டம் இல்ல. அந்த அம்மா மாசாமாசம் அவனுக்குக் கொடுத்திருக்காங்க. எல்லாம் எழுதிக் கொடுத்திருக்காங்க."

கண்ணாடிக்கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒரு நிலைக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பத்திரம் உங்க பேர்ல, வீடு உங்க வீடு. காலி பண்ண வைக்கறது உங்க பாடு. உங்களுக்குத் தெரியாத சட்டமா?" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள். அவர் அசரவில்லை. கேள்வி கேட்கிற தன் முகத்தை அந்தக் கண்ணாடியில் பார்த்துவிட்டு அவளே திரும்பி வந்தாள். வக்கீலிடம் போனார்கள். வக்கீல் பத்து வருஷமும் ஆகலாம் என்று சொல்லி, பேனாவை மூடிக்கொண்டார். அந்தப் பெண்மணியின் வக்கீல் முந்திக்கொண்டு ஓர் உத்தரவு வாங்கிவிட்டார். வழக்கு முடிகிறவரை வீட்டில் உள்ளது உள்ளபடியே இருக்க வேண்டும். யாரும் யாரையும் வெளியேற்றக்கூடாது. பெயர் மாற்றம் கூடாது. இணைப்பு தருவதோ எடுப்பதோ கூடாது.

அதற்குள் மூன்று மாதக் கெடு முடிந்தது. பழைய வீட்டில் ஓடு பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கையில் வாடகை முன்பணத்துக்குக்கூட வழியில்லை.

"தங்கச்சி வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் கண்டக்டர்.

"சொந்த வீட்டை வெச்சுக்கிட்டு ஊரான் வீட்டுக்கா? நான் என் வீட்டுக்குத்தான் போவேன். என்னையும் யாரும் வெளியேத்தக்கூடாதுல்ல, அதே உத்தரவுதானே?"

அப்படியாக இருபத்திரண்டாம் எண் வீட்டில் இரண்டு குடித்தனம் நடக்க ஆரம்பித்தது. படுக்கை அறை அந்தப் பெண்மணிக்கும் மகளுக்கும். ஹால் இவர்களுக்கு. ஹாலில் எரிந்த பல்பை அவர்கள் கழற்றிக்கொண்டு போய்ப் படுக்கை அறையில் மாட்டிக்கொண்டார்கள். மஞ்சள் ஒயரும் கூடவே இடம் மாறிற்று. சமையலறை காலையில் எட்டு மணிவரை அவர்களுக்கு, அதற்கப்புறம் இவர்களுக்கு. இதையெல்லாம் பேசி முடித்தது கண்டக்டர்தான். பெண்கள் இருவரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற பிரிவில் வேலை அந்தப் பெண்மணிக்கு. விடியற்காலையில் எழுந்து, ஹாலில் படுத்திருப்பவர்களை ஏதோ மூட்டையைத் தாண்டுவதுபோல் தாண்டிக்கொண்டு போவாள். மகள் அம்மாவையும் மிஞ்சியவள். தாண்டும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே தாண்டுவாள்.

கட்டடம் மொத்தமும் வேடிக்கை பார்த்தது. இவள் குழாயடிக்குப் போனால் குடத்தை நகர்த்தமாட்டார்கள். படியில் ஏறினால் பேச்சை நிறுத்துவார்கள். இவள் காயப்போட்ட துணி இரண்டு முறை மூன்று மாடி கீழே போய் விழுந்தது. காற்று என்றார்கள். அந்தக் கட்டடத்தில் எந்தக் காலத்தில் காற்று அடித்தது?

ஆனால் இவளும் லேசுப்பட்டவள் இல்லை. இருட்டு ஹாலில், தன் டார்ச்சை வைத்துக்கொண்டு, கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஹாலுக்கு ஜன்னல் ஒன்று உண்டு, அது அடுத்த கட்டடத்தின் சுவரைப் பார்த்து நின்றது. மத்தியானம் ஒரு மணிக்கு ஏதோ கொஞ்சம் வெளிச்சம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். மின்விசிறி இல்லாமல் வியர்த்துக் கொட்டியது. கண்டக்டர் பேப்பர் படிக்க டீக்கடைக்கும், இரண்டாம் மாடிப் படிக்கட்டு விளக்கடிக்கும் போய்க்கொண்டிருந்தார். முதலில் வாத்தியார் அவரைப் பார்த்து முறைத்தார். பத்து நாளில் ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டார். அவருக்குக் குழாயடியிலும் இடம் கிடைத்தது. கோபம் எல்லாம் அவள் ஒருத்தி மேல்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அதை எப்படி வீட்டில் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

அவர்கள் குடிவந்த நாற்பத்தோராம் நாள். சாயங்காலம் ரொட்டி வாங்கிக்கொண்டு கண்டக்டர் வந்தபோது, மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பார்க்கப் புதிதாகப் போட்ட ஆள் நின்றிருந்தான். அவளிடம் வேலை பழகியவன்தான். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எண்களைக் குறித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் வாத்தியார்.

"இருபத்திரண்டு என்ன ஆச்சு தம்பி?" என்று வாத்தியார் வேண்டுமென்றே கேட்டார்.

"அது ஓடவே இல்ல சார். வீட்டுல ஆள் இல்லன்னு எழுதிட்டேன்."

கண்டக்டர் மூன்று மாடி ஏறினார். ஹாலில் அவள் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். படுக்கை அறைக் கதவுக்குக் கீழே ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. அவர் ரொட்டியை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, கேட்டதைச் சொன்னார்.

"நீங்க சொல்லலையா, ஆள் இருக்குன்னு?"

"எதைக் காட்டிச் சொல்லறது? அவன் மீட்டரைப் பாக்கறான். நீதானே சொல்லிக்கொடுத்த?"

அவருக்கு அன்று என்னவோ அடக்க முடியவில்லை. முப்பது வருஷம் படிக்கட்டில் தொங்குகிறவர்களையெல்லாம் பொறுத்துப்போன மனுஷன்.

"இன்னிக்குக் காலையிலகூட மெக்கானிக் சொன்னான். ஒரு ஒயர் இழுத்துத் தரேன் சார், அம்மாவை வந்து ஒரே ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுங்கன்னான். ஒரு வார்த்தைம்மா. மன்னிப்புகூடக் கேக்க வேண்டாங்கறான். கதவைத் தட்டி, எங்களுக்கும் வெளிச்சம் வேணும்னு சொன்னாப் போதுமாம்."

"என் வீட்டுக்கு வெளிச்சம் வேணும்னு நான் ஊரைக் கெஞ்சணுமா? ரூலை மீறி வர்ற கரண்ட் எனக்கு வேணாம்."

"ரூலு! இது உன் வீடா முதல்ல? வீடுன்னா மனுஷன் நிம்மதியா உக்காந்து ஒரு பேப்பர் படிக்கணும். எனக்கு அறுபத்துமூணு வயசு. வாடகை வீட்டுல ஆணி அடிக்கக்கூடாதுன்னாங்க, ஆனா லைட் போடக்கூடாதுன்னு ஒருத்தனும் சொல்லல. ஆள் இல்லன்னு எழுதிட்டுப் போறான் பாரு, சரியாத்தான் எழுதியிருக்கான். நாற்பது நாளா நீ இங்க சண்டை போட்டுக்கிட்டிருக்க. குடியிருக்கல."

"பேசுங்க. அவங்ககூடச் சேர்ந்துக்கிட்டு நீங்களும் பேசுங்க."

அவர் மடக்கு நாற்காலியை எடுத்துக் கையில் இடுக்கிக்கொண்டார். பேப்பரை எடுத்தார். ஹாலைக் கடந்து போய்ப் படுக்கை அறைக் கதவை இரண்டு விரலால் தட்டினார்.

"அம்மா, ஒரு பத்து நிமிஷம் இந்தப் பேப்பரைப் படிச்சுட்டுப் போயிடட்டுமா?"

கதவு திறந்தது. அந்தப் பெண்மணி கட்டில்மேல் மடித்துக்கொண்டிருந்த துணிகளை ஒருபக்கமாக ஒதுக்கினாள். அவர் நாற்காலியை விரித்துப் போட்டு, பல்புக்குக் கீழே உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

திறந்த கதவு வழியாக வெளிச்சம் ஹால் தரையில் நீளமாக விழுந்து அவள் பாதம்வரை வந்தது. அவள் காலை மடக்கிக்கொண்டாள். இந்த நாற்பது நாளில் முதல்முறையாகத் தன் ஹாலின் தரை என்ன நிறம் என்று தெரிந்தது. அழவேண்டும் போலிருந்தது. எழுந்துபோய் அந்த வெளிச்சத்தில் அவரோடு உட்கார வேண்டும் போலவும் இருந்தது. ஆறு தப்படிதான் தூரம். உள்ளே அவர் ஏதோ செய்தியைச் சத்தமாகப் படித்தார். அந்தப் பெண்மணி அதற்கு என்னவோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள்.

"கதவைச் சாத்துங்க" என்றாள் அவள். "கண்ணு கூசுது."

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அந்தப் பெண்மணியின் மகள்தான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்தாள். வாசலில் நின்று, இருட்டில் உட்கார்ந்திருந்தவளின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.